நிறம் வராத மெயில்

லீலா மேடம் அனுப்பிய முதல் மெயிலைத் திறந்தபோது தளவாய்க்கு அதில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. கட்டம் போட்ட அட்டவணை. ஒவ்வொரு வரியிலும் ஒரு பாகத்தின் பெயர், எண், எத்தனை பெட்டி, எந்த லாரி. கட்டங்களுக்குப் பின்னால் ஏதோ வண்ணம் பூசியிருந்தது என்பது மட்டும் புரிந்தது. அட்டவணைக்கு மேலே ஆங்கிலத்தில் இரண்டே வரி: பச்சையில் உள்ளவற்றை அனுப்பவும், சிவப்பில் உள்ளவற்றை நிறுத்தி வைக்கவும். அவன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். திரையின் வெளிச்சத்தைக் கூட்டினான், குறைத்தான், தலையைச் சாய்த்துப் பார்த்தான். எல்லா வரிகளும் தண்ணீர் விட்டுக் கலக்கிய மண்ணைப் போல ஒரே சாயலில்தான் இருந்தன. ஓரிடத்தில் கொஞ்சம் அடர்த்தி என்று தோன்றும். கண்ணை மூடித் திறந்தால் அதுவும் போய்விடும்.

ஒரகடம் சிப்காட்டில், கார் கதவின் உள்பக்கம் பொருத்தும் பிளாஸ்டிக் பேனல்களைச் செய்கிற கம்பெனி அது. தளவாய் அங்கே டிஸ்பாட்ச் மேசையில் இருந்தான். எந்தப் பேனல் எந்த லாரியில் எந்தக் கார் கம்பெனிக்குப் போக வேண்டும் என்பதைத் திட்டப்பிரிவு காலையில் மெயிலில் சொல்லும். அதைப் பார்த்து ஏற்றிவிட வேண்டியது அவன் வேலை. அதுவரை திட்டப்பிரிவில் இருந்த நடேசன் சார் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் தந்தி மாதிரி எழுதுவார். இது போகட்டும், இது நிற்கட்டும் என்று ஒவ்வொரு வரியிலும் இருக்கும். இரண்டாயிரத்துப் பத்தாம் வருஷம் அவர் ஓய்வு பெற்றுப் போனார். அவர் இடத்துக்குச் சென்னையிலிருந்து லீலா மேடம் வந்தார். சுறுசுறுப்பானவர், எதையும் பார்த்த மாத்திரத்தில் புரிகிற மாதிரி செய்ய வேண்டும் என்கிறவர். அதற்காகத்தான் வண்ணம்.

சிவப்பும் பச்சையும் தனக்குப் பிரிந்து தெரியாது என்று தளவாய் அறிந்துகொண்டது இருபத்திரண்டு வயதில். ரயில்வேக்கு எழுதிய பரீட்சையில் தேறி, மெடிக்கலுக்கு நாங்குநேரியிலிருந்து சென்னைக்கு வந்திருந்தான். டாக்டர் ஒரு சின்னப் புத்தகத்தைப் பிரித்து, புள்ளிகளாக இருந்த பக்கத்தைக் காட்டி, என்ன எண் என்று கேட்டார். "எண்ணே இல்லையே சார்" என்றான். அவர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அதிலும் புள்ளிகள்தான். அவனுக்குப் பின்னால் வரிசையில் நின்ற பையன் சத்தமில்லாமல் சிரித்தது மட்டும் இன்றைக்கும் நினைவிருக்கிறது. ஊருக்குத் திரும்பியதும் அப்பா ஒரு முடிவெடுத்தார். கண்ணில் குறை என்று வெளியே தெரிந்தால் பெண் கொடுக்க யோசிப்பார்கள், அதனால் பரீட்சையில் மார்க் பற்றவில்லை என்று சொல்லிவிடலாம் என்றார். தேறியவன் அப்படித்தான் ஊரில் தேறாதவன் ஆனான். ஒரகடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது சுவரில் தொங்கிய எழுத்து அட்டையை மட்டும் படிக்கச் சொன்னார்கள். கடைசி வரி வரை படித்தான். கல்யாணமும் ஆயிற்று. மனைவி முத்துச்செல்வி ஸ்ரீபெரும்புதூரில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் இருந்தாள். அவளுக்கும் அவன் சொல்லவில்லை. கடையில் எது வேண்டும் என்று அவள் கேட்டால், உனக்குப் பிடித்ததை எடு என்பான். எவ்வளவு விட்டுக்கொடுக்கிற ஆள் என்று அவள் தன் தங்கையிடம் போனில் சொல்வதைக் கேட்டிருக்கிறான்.

டிஸ்பாட்ச் அறையில் அவனுக்கு எதிரே தரப்பிரிவின் மேசை. அதில் சசிகலா இருந்தாள். சேரப்பணஞ்சேரிக்காரி, அவனைவிட நாலைந்து வயது மூத்தவள், கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து இருப்பவள். முதல் மெயில் வந்த அன்று வேறு வழி தெரியாமல், "அக்கா, இன்னைக்கு எதெல்லாம் நிப்பாட்டணும்?" என்று அவளிடம் கேட்டான்.

"மெயில்லதான் போட்டுக்கீதே. தொறந்து பாக்குறதுக்கு இன்னாவாம்?"

"நீங்க சொன்னா சட்டுனு முடிஞ்சிரும்லா."

அவள் முனகிக்கொண்டே தன் திரையைப் பார்த்து வரிசையாகச் சொன்னாள். அவன் தாளில் குறித்துக்கொண்டான். மறுநாளும் கேட்டான், அதற்கு மறுநாளும். "சரியான சோம்பேறிப்பா நீ" என்று அவள் சொல்லத் தொடங்கினாள். சோம்பேறி என்ற பெயர் அவனுக்கு வசதியாக இருந்தது. அதை அவன் மறுக்கவே இல்லை. கேன்டீனில் அவளுடைய டீயையும் சேர்த்து வாங்கி வந்து வைப்பான். ஆனால் காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறும்போதே, இன்றைக்கு அக்கா வந்திருப்பாளா என்கிற கவலையும் கூடவே ஏறிக்கொள்ளும். அவள் தலை தெரிந்த பிறகுதான் இறங்கும்.

ஒரு நாள் அவள் வரவில்லை. மகளுக்குக் காய்ச்சல் என்றார்கள். மெயில் வந்துவிட்டது. லோடிங் ஆட்கள் கதவருகே நின்று எதை எடுப்பது என்று கேட்டார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். லீலா மேடத்துக்குப் போன் செய்து, நிறுத்த வேண்டியது எது என்று கேட்டான். "சிவப்புல இருக்கே தளவாய், பாருங்க" என்று அவர் வைத்துவிட்டார். வண்ணத்தை மாற்ற ஏதாவது வழி இருக்குமா என்று மெயில் புரோகிராமின் ஒவ்வொரு மெனுவாகத் திறந்து பார்த்தான். எங்கோ உள்ளே ஒரு சின்னக் கட்டம். எல்லா மெயிலையும் பிளெயின் டெக்ஸ்டில் படிக்க, என்று பக்கத்தில் எழுதியிருந்தது. அதில் டிக் போட்டான். கண் முன்னால் லீலா மேடத்தின் அட்டவணை கலைந்து விழுந்தது. கட்டமும் இல்லை, வண்ணமும் இல்லை, தடித்த எழுத்தும் இல்லை. ஒன்றன் கீழ் ஒன்றாக வெறும் எழுத்து. அவனுக்கு அதைப் பார்க்க அத்தனை பிடித்திருந்தது. இனி இந்தத் திரைக்கு முன்னால் யார் வந்து உட்கார்ந்தாலும் அவனுக்குத் தெரிவதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

லீலா மேடத்துக்குப் பதில் எழுதினான். தன்னுடைய கம்ப்யூட்டரில் மெயில் வெறும் எழுத்தாகத்தான் வருகிறது, நிறம் வருவதில்லை, தயவுசெய்து நிறுத்த வேண்டியவற்றுக்கு எதிரே அப்படி என்று எழுத்திலும் குறிப்பிடவும். அனுப்பிவிட்டு இரண்டு உள்ளங்கைகளையும் பேன்ட்டில் துடைத்துக்கொண்டான். டீ ஆறுவதற்குள் பதில் வந்தது. அதே வரிகள், நிறுத்த வேண்டியவற்றுக்கு எதிரே ஹோல்டு என்ற சொல். அந்தச் சொல்லைத் தொட்டுப் பார்க்க வேண்டும்போல இருந்தது. அன்று லாரிகள் ஒழுங்காகப் போயின. அன்றிலிருந்து காலை பஸ்ஸில் அவனுக்குத் தூக்கம் வந்தது.

ஆனால் லீலா மேடம் ஒரு பிரச்சினையை அப்படியே விட்டுவிடுகிறவர் அல்ல. டிஸ்பாட்ச் கம்ப்யூட்டரில் மெயில் சரியாகத் தெரிவதில்லை என்று ஐடி பிரிவுக்கு எழுதிப் போட்டார். ஐடிக்கு ஓர் ஏஜென்சி மூலம் வந்திருந்தவன் இசக்கிதுரை. சாத்தான்குளம் பக்கத்துப் பையன். ஊர்ப் பேச்சு ஒத்துப்போனதால் தளவாயை அண்ணாச்சி என்பான். வந்து உட்கார்ந்து, இரண்டு மூன்று மெனுக்களைத் திறந்து, அந்த டிக்கை எடுத்துவிட்டான். கட்டங்களும் வண்ணங்களும் திரும்ப எழுந்து நின்றன.

"அவ்வளவுதான் அண்ணாச்சி. யாரோ தெரியாம அமுக்கியிருக்காவ."

"அப்படியா" என்றான் தளவாய். இசக்கிதுரை படியிறங்கிப் போன சத்தம் அடங்கியதும் டிக்கைத் திரும்பப் போட்டான்.

நிறம் இன்னும் வரவில்லை என்று தளவாய் சொன்னதும் லீலா மேடம் மறுபடியும் ஐடிக்கு எழுதினார். இசக்கிதுரை மறுபடியும் வந்து எடுத்தான். தளவாய் மறுபடியும் போட்டான். மூன்றாம் முறை வந்தவன் உடனே மௌஸைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டு, "இது தானா விழுத டிக் இல்லையே அண்ணாச்சி" என்றான். தளவாய் கையிலிருந்த பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். "இந்த மெஷினே ஒரு மாதிரிதான்டே" என்றான். இசக்கிதுரை அதற்கு மேல் கேட்கவில்லை. டிக்கை எடுத்துவிட்டு, சரி செய்தாயிற்று என்று எழுதிக்கொண்டு போனான். அவன் போனதும் தளவாய் டிக்கைத் திரும்பப் போட்டான். லீலா மேடம் வண்ணத்தையும் விடவில்லை, ஹோல்டு என்று எழுதுவதையும் நிறுத்தவில்லை. ஆகவே எல்லாம் ஒரு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

மழை முடிந்து வெயில் திரும்பியிருந்த ஒரு வாரத்தில் அது நடந்தது. காலையில் வந்த மெயிலில் முன்கதவு பேனல்கள் போகலாம் என்று இருந்தது. பெட்டிகளை எடுத்து வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டான். பிறகு இன்னொரு மெயில் வந்தது. மாற்றப்பட்ட பட்டியல் என்று தலைப்பு. திறந்து பார்த்தான். காலையில் இருந்த வரிகள் எல்லாம் அப்படியே இருந்தன, கடைசியில் பின்கதவு பேனல்கள் புதிதாக ஒரு வரியாகச் சேர்ந்திருந்தன. ஹோல்டு என்று எங்கும் இல்லை. சரி, கூடுதலாக ஒன்று போகிறது என்று எடுத்துக்கொண்டு இரண்டையும் ஏற்றினான். டிரைவர் கொம்பையா லாரியை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனார். தளவாய் பேப்பர்களை அடுக்கிக்கொண்டிருந்தான்.

சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் சசிகலா கையில் ஒரு கட்டு ஹோல்டு அட்டைகளோடு உள்ளே வந்தாள். வாசலருகே வெறுமையாக இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள் என்று அவள் முகத்தில் தெரிந்தது.

"முன்கதவு லாட் எங்கப்பா?"

"ஏத்தி அனுப்பியாச்சுக்கா."

"இன்னாத்துக்கு அனுப்பின? கிளிப்பு எல்லாம் இழுத்துப் பாத்தா விரிசல் வுடுது. நான்தான் மேடத்தாண்ட சொன்னேன். அந்த வரிய அடிச்சிட்டுத்தானே மெயில் போட்டாங்க."

"அடிக்கலையே."

அவள் தன் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். இரண்டாவது மெயிலில், காலையில் இருந்த அதே முன்கதவு வரி. அதன் நடுவே, எழுத்துகளுக்கு மேல், ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரு கோடு. கோட்டைப் பார்க்க நிறம் வேண்டாம். அவனுக்கும் அது நன்றாகத் தெரிந்தது. தன் திரைக்குப் போய்ப் பார்த்தான். கோடு இல்லை. வெறும் எழுத்தில் கோடு வராது. அது அவனுக்குத் தோன்றவே இல்லை. நிறத்தை மட்டுந்தான் எடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தான்.

பேனலை கார் கதவோடு பிடித்திருப்பது அந்த கிளிப்புகள்தான். அவை கார் கம்பெனியின் லைனுக்குப் போய்விட்டால் ஒவ்வொரு கதவாகப் பொருத்திக்கொண்டே போவார்கள். கதவைச் சாத்திச் சாத்தி ஒரு நாள் உடையும். அல்லது லைனிலேயே உடைந்து லைன் நிற்கும். லைன் நின்றால் இங்கே யாராவது ஒருவர் வேலையை விட்டு வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும். தளவாய் கொம்பையாவின் போனுக்கு அடித்தான். அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டும்போது கொம்பையா போனை எடுக்க மாட்டார்; அதைப் பைக்குள் வைத்து சீட்டுக்குப் பின்னால் போட்டுவிடுவார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"அக்கா, மேடத்துட்ட சொல்லிருங்க. கார் கம்பெனி கேட்டுக்குப் போன் பண்ணச் சொல்லுங்க. நான் பைக்ல போறேன்."

"யார் பைக்கு?"

"செக்யூரிட்டி பைக்க வாங்கிக்கிடுதேன்."

ஸ்ரீபெரும்புதூர் சாலையை அப்போது அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் முழுக்கத் தோண்டிப் போட்டு, மிச்சமிருந்த பாதையில் கன்டெய்னர் லாரிகளும் கம்பெனி பஸ்களும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. தளவாய் மண் ஓரத்தில் இறங்கி ஏறி ஓட்டினான். புழுதியில் கண் எரிந்தது. முன்னால் தெரிகிற ஒவ்வொரு லாரியின் பின்புறத்தையும் தங்களுடையதோ என்று நெருங்கிப் பார்த்தான். வல்லம் தாண்டியும் இல்லை. மேடம் போன் பண்ணியிருப்பாரா, பண்ணியிருந்தால் கேட்டில் எடுத்திருப்பார்களா, எடுத்தவன் உள்ளே சொல்லியிருப்பானா என்று மனசு ஓடிக்கொண்டே இருந்தது. அதற்கு நடுவே வேறொன்றும் ஓடியது. முத்துச்செல்வியிடம் இதை எங்கிருந்து தொடங்கிச் சொல்வது.

கார் கம்பெனியின் வாசலில் உள்ளே போகக் காத்திருக்கும் லாரிகளின் வரிசை சாலை வரை வந்திருந்தது. வால் பக்கமிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனான். கேட்டுக்கு மிக அருகில், இரண்டு லாரிகளுக்குப் பின்னால், அவர்களுடைய லாரி நின்றது. அதன் நிழலில், பின்சக்கரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, கொம்பையா தூக்குச்சட்டியிலிருந்து புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

தளவாய் பைக்கை நிறுத்தினான். ஸ்டாண்டு போட மறந்ததால் அது அவன் தொடையில் சாய்ந்தது. 

"என்னடே இப்படி மூச்சு வாங்குத?" என்றார் கொம்பையா. "கேட்டுல ஏதோ கம்ப்யூட்டர் படுத்துட்டாம். ஒரு வண்டியையும் உள்ள விடல. அதான் சாப்பிட்டுருவோம்னு உக்காந்தேன்."

"அண்ணாச்சி, வண்டியத் திருப்பணும்."

"எதுக்கு?"

"ஏத்தக்கூடாதத ஏத்திட்டேன்."

கொம்பையா அவனை ஒரு நிமிஷம் பார்த்தார். தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "மொதல்ல இதக் குடி. வண்டி இங்கதான நிக்கி, எங்கயும் ஓடிறாது" என்றார். தளவாய் தரையில் உட்கார்ந்து குடித்தான். தண்ணீர் வெயிலில் சூடேறியிருந்தது. பாதி சட்டையில் வழிந்தது.  லாரியைத் திருப்ப இடமில்லாமல் பின்னால் நின்ற டிரைவர்கள் எல்லோரும் இறங்கி வந்து சத்தம் போட்டு வழிவிட்டார்கள்.

சாயந்தரம் லீலா மேடத்தின் அறைக்கு அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். தொழிற்சாலைக்கே பொறுப்பான பிளான்ட் ஹெட்டும் வந்திருந்தார். சசிகலாவும் இசக்கிதுரையும் சுவரோரம் நின்றார்கள். பிளான்ட் ஹெட் தன் போனை மேசைமேல் வைத்தார்.

"என் போன்லயும் அந்தக் கோடு வரலை லீலா. நீங்க போடுற கலரும் எனக்கு வந்ததே இல்லை. வெறும் எழுத்துதான் வருது. கோடு போட்டு அடிச்சா அனுப்பாதேன்னு இவர் எப்படிப் புரிஞ்சுக்குவார்?"

"சரிதான் சார்" என்றார் லீலா மேடம். "தளவாய் முன்னாடியே எழுதியிருந்தார், அவர் சிஸ்டத்துல வர்றதில்லைன்னு. ஐடி பாத்துக்கும்னு நான் விட்டுட்டேன். வண்ணம் மட்டுந்தான்னு நினைச்சேன், கோட்டை யோசிக்கலை. என் தப்பு."

தளவாய் தன் காதுகளை நம்பாமல் உட்கார்ந்திருந்தான். அவ்வளவுதான். முடிந்துவிட்டது. பேசாமல் எழுந்து போனால் போதும். பிளான்ட் ஹெட் இசக்கிதுரை பக்கம் திரும்பினார்.

"மூணு தடவை எழுதியிருக்காங்க. மூணு தடவையும் சரி பண்ணிட்டேன்னு மூடியிருக்கே. என்ன பண்ணினே?"

"சரி பண்ணிட்டுத்தான் சார் போனேன்" என்றான் இசக்கிதுரை.

"அப்புறம் எப்படி வரலை? லீலா, ஏஜென்சிக்குச் சொல்லி வேற ஆள அனுப்பச் சொல்லுங்க."

இசக்கிதுரை தளவாயைப் பார்த்தான். பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். அவன் சொல்ல மாட்டான் என்று தளவாய்க்குப் புரிந்தது. சொல்லாமலேயே பெட்டியைக் கட்டிக்கொண்டு சாத்தான்குளத்துக்குப் போய்விடுவான்.

"அவன் சரியாத்தான் பண்ணினான் சார்" என்றான் தளவாய். தன் குரல் எங்கிருந்தோ வருவதுபோல் கேட்டது. "ஒவ்வொரு தடவையும் அவன் போன பெறகு அந்த டிக்க நான்தான் போட்டேன்."

இசக்கிதுரை தலையை நிமிர்த்தினான். 

"எதுக்கு?" என்றார் லீலா மேடம்.

"எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாது மேடம். சின்னதுலேருந்தே. கலர்ல போட்டா எனக்கு எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கும். சொன்னா வேலை போயிரும்னு நெனைச்சு, கம்ப்யூட்டர்ல வரலைன்னு எழுதினேன்."

சசிகலா வாயைக் கையால் மூடிக்கொண்டாள். "ஐயே, அதுக்கா என்னாண்ட தெனமும் கேட்டுகினு இருந்த?" என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

லீலா மேடம் முன்னால் குனிந்து அமர்ந்தார். அவர் முகத்தில் கோபம் இருந்தது. ஆனால் அவர் கேட்டது வேறொன்று. "ஃபேக்டரியில ஹோல்டு பெட்டிக்கு சிவப்பு அட்டை, போகலாம்ங்கிறதுக்குப் பச்சை அட்டை. இத்தனை வருஷமா அதை எப்படிப் பாத்தீங்க?"

"அதுல எழுதியிருக்கும்லா மேடம். படிச்சிருவேன்."

"அட்டைய வச்சு ஒரு தடவைகூடத் தப்பா ஏத்தினதில்லை" என்றாள் சசிகலா.

பிளான்ட் ஹெட் கடிகாரத்தைப் பார்த்தார். லாரி திரும்பி வந்துவிட்டதா என்று கேட்டார். வந்துவிட்டது என்றதும் எழுந்துகொண்டார். பொய் எழுதியதற்கு ஒரு மெமோ கொடுங்கள், அதோடு விடுங்கள், இனிமேல் டிஸ்பாட்ச் மெயில் யாருக்குப் போனாலும் எழுத்தில் மட்டும் போகட்டும், ஏஜென்சிப் பையனும் இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறந்தார். போனை மறந்துவிட்டுப் போய், திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனார்.

மற்றவர்கள் போன பிறகு லீலா மேடம் தளவாயை நிறுத்தினார். "பொய் சொன்னதுக்குக் கோபம் இருக்கு. அது ரெண்டு நாள் இருக்கும்" என்றார். "கண்ணுக்குக் கோபப்பட ஒண்ணும் இல்லை. நாளைக்கு நான் எழுதறதை அனுப்பறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை படிச்சுப் பாருங்க. புரியலைன்னா புரியலைன்னு சொல்லணும்."

"சொல்லுதேன் மேடம்."

வெளியே படிக்கட்டில் இசக்கிதுரை காத்துக்கொண்டிருந்தான். "மொதல்லயே சொல்லியிருந்தீங்கன்னா நானே அந்த டிக்கப் போட்டு, யாரும் எடுக்க முடியாதபடி பூட்டி வச்சிருப்பேன்லா அண்ணாச்சி" என்றான். தளவாய் அவன் தோளில் கை வைத்தான். நன்றி என்று சொல்ல வந்தது, வாயில் வந்தது "சாப்டியாடே?" என்பதுதான். இல்லை என்று அவன் தலையாட்டினான். இருவரும் கேன்டீனுக்குப் போய் ஆளுக்கு இரண்டு போண்டா தின்றார்கள். போண்டாவில் உப்பு இல்லை. அதைப் பற்றி நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அன்று முத்துச்செல்விக்குப் பகல் ஷிஃப்ட். ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவளுடைய கம்பெனி பஸ் வந்து நிற்கும் இடத்துக்கு அவன் நேராகப் போனான். வழக்கமாக மண்ணூரில் வீட்டுக்குத்தான் போவான். இறங்கியவள் அவனைப் பார்த்ததும் திகைத்து, "ஏங்க, என்ன ஆச்சு?" என்றாள். ஒன்றும் இல்லை, சும்மாதான் வந்தேன் என்றான். இருவரும் தள்ளுவண்டிகளின் ஓரமாக நடந்தார்கள். இன்னும் வெளிச்சம் இருந்தது. கோயிலுக்குப் போகிறவர்களும் ஷிஃப்ட் முடிந்தவர்களும் கலந்து ஒரே கூட்டமாக இருந்தது. அந்தக் கூட்டத்துக்குள் நடந்துகொண்டே அவன் சொல்லத் தொடங்கினான். லாரியில் தொடங்கி, டிக்குக்குப் போய், அங்கிருந்து ரயில்வே டாக்டரின் புத்தகத்துக்குப் போய்ச் சேர்ந்தான். அவள் தோளில் தொங்கிய பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அப்போ மார்க் பத்தலைன்னு மாமா சொன்னது?"

"பாஸாயிருந்தேன். நல்ல மார்க்குதான்."

அவள் கோபப்படப் போகிறாள் என்று நினைத்தான். அதற்குத் தயாராகவும் இருந்தான்.

"என் கல்யாணப் புடவை என்ன நெறம்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அன்னைக்கு ரொம்ப நல்லா இருக்குன்னு சொன்னீங்களே."

"நல்லாத்தான் இருந்துச்சு. கரையில அன்னம் அன்னமாப் போட்டிருந்துச்சு. ஒரு அன்னம் மட்டும் திரும்பிப் பாத்துக்கிட்டு இருக்கும். இடது தோள்பக்கம்."

முத்துச்செல்வி நின்றுவிட்டாள். "திரும்பிப் பாக்குற அன்னமா? நான் அதக் கவனிச்சதே இல்லையே" என்றாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம். எத்தன தடவ சட்டை எடுக்கையில உங்கள நிக்க வச்சுப் பாடாப் படுத்தியிருக்கேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது சிரிப்பினாலா என்று அவன் கேட்கவில்லை. கைகளுக்குச் செய்ய ஒன்றும் இல்லாததுபோல் இருவரும் பக்கத்திலிருந்த தக்காளி வண்டி முன்னால் நின்றார்கள். வண்டிக்காரர் ஒரு தட்டை எடுத்து நீட்டினார்.

"இதுல எது பழம், எது காய்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள்.

"அமுக்கிப் பாப்பேன்."

அவள் அவனை ஒரு முறை பார்த்தாள். பையை அவன் கையில் கொடுத்துவிட்டு, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். கூட்டம் இடித்துக்கொண்டு போக, வண்டிக்காரர் என்ன செய்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருக்க, அவள் கண்களை இறுக மூடிக்கொண்டு, குவியலுக்குள் கையை விட்டு, ஒரு தக்காளியை எடுத்துக் கட்டைவிரலால் அமுக்கினாள்.